கிங் ஜோடியும் டர்ன் செக்-ரெய்ஸும்: ஒரு 2/5 கேஷ் கேமின் நிகழ்வு ஆய்வு

போக்கரின் நோ-லிமிட் ஹோல்டம் கேஷ் கேமில் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு; பந்தயத்துக்கு மேல்வரம்பில்லை) பெரிய தொகை போகிற கைகளைப் பிரித்துப் பார்த்தால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். கையில் ஏஸ் ஜோடியோ கிங் ஜோடியோ இருக்கும். ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டில்) முன்னிலை. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) பெட் போட்டதும், அதுவரை செக் (பணம் வைக்காமல் விடுவது), கால் (எதிரே வைத்த தொகையை ஈடுகட்டுவது) என்று மட்டும் ஆடிவந்தவர் திடீரென ரெய்ஸ் செய்வார், அதாவது தொகையை உயர்த்துவார். செக் செய்துவிட்டு இப்படி உயர்த்துவதுதான் செக்-ரெய்ஸ். இங்கே அந்த அமைப்பில் ஒரே ஒரு கையை எடுத்துக் கடைசி டாலர் வரை எண்ணிப் பார்க்கிறோம். குறிப்பிட்ட ஓர் இரவில் நடந்த கையின் பதிவு அல்ல இது. லாஸ் வேகஸில் 2/5 டாலர் மேசைகளில் வழக்கமாக வரும் தொகைகளையும் ஆட்டப் போக்கையும் வைத்து அமைத்த கை.

ஆட்டத்தின் நிலை

பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 2, 5 டாலர். ஒன்பது பேர் மேசை. இந்தக் கையில் மோதும் இருவரிடமும் தலா 800 டாலர், அதாவது 160 பெரிய பிளைண்ட். பாட்டிலிருந்து (நடுவில் சேரும் பணத்திலிருந்து) சூதாட்ட அறை எடுக்கும் கட்டணமான ரேக் 5 டாலர், ஜாக்பாட்டுக்கு 2 டாலர். நெவாடாவில் ரேக் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இங்கே ப்ரீஃபிளாப் (ஃபிளாப்புக்கு முந்தைய) பாட்டே 70 டாலரைக் கடப்பதால் 5 டாலர் முழுதாகவே எடுக்கப்பட்டுவிடும்.

நம் ஆட்டக்காரர் பட்டனில் (ஃபிளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இருக்கையில்). கையில் கிளாவர் கிங், டைமண்ட் கிங். நடு இருக்கையிலிருந்து ஒருவர் 5 டாலருக்கு லிம்ப் செய்கிறார் (உயர்த்தாமல் பெரிய பிளைண்ட் தொகையை மட்டும் வைக்கிறார்), கட்-ஆஃபும் (பட்டனுக்கு முந்தைய இருக்கை) லிம்ப். பட்டன் 30 டாலருக்கு ரெய்ஸ். பிளைண்ட் இருவரும் கட்-ஆஃபும் ஃபோல்டு (கையை விட்டுவிடுகிறார்கள்). முதலில் லிம்ப் செய்தவர் மட்டும் கால். பாட் 72 டாலர், 7 டாலர் கழிந்து 65.

எதிராளியைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அது போதும். நிறைய கைகளை லிம்ப் செய்து கால் செய்கிறார். இரண்டு மணி நேரத்தில் ஃபிளாப்புக்குப் பிறகு இரண்டே முறை ரெய்ஸ் செய்திருக்கிறார். ஒரு முறை காட்டியது செட் (கையில் ஜோடி, அதே எண் பொதுச் சீட்டிலும்), மறுமுறை ஸ்ட்ரெயிட் (தொடர்ச்சியான ஐந்து சீட்டு).

30 டாலர் சரியான அளவு. நான்கு பெரிய பிளைண்ட், அதோடு லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட்டினால் ஆறு. இப்படிப்பட்ட மேசையில் 35 போட்டாலும் அதே கால்தான் வரும் என்றால் 35 போடலாம். இந்தச் சுற்றில் பேச வேறொன்றும் இல்லை.

ஃபிளாப்: ஸ்பேட் ஜாக், ஸ்பேட் 8, டைமண்ட் 4. எதிராளி செக், பட்டன் 45 டாலர், கால். பாட் 155. இருவரிடமும் மீதி 725. ஃபிளஷ் டிராவும் (ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு இருந்து ஐந்தாவதுக்குக் காத்திருக்கும் கை) ஜாக் ஜோடியும் காசு கொடுக்கும் போர்டு (மேசையில் விரித்த பொதுச் சீட்டுகள்); பாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் கேட்டது பொருத்தம்.

டர்ன்: ஆட்டின் (ஹார்ட்) 9.

எதிராளி செக். பட்டன் 110 டாலர். எதிராளி கொஞ்சம் யோசித்து, மூன்று கருப்புச் சிப்பையும் ஆறு சிவப்புச் சிப்பையும் ஒரே தள்ளாகத் தள்ளுகிறார் (கருப்பு 100, பச்சை 25, சிவப்பு 5 டாலர்). 330 டாலர். அவர் முன்னே மிச்சம் மூன்று கருப்பு, மூன்று பச்சை, நான்கு சிவப்பு: 395.

110 டாலர் பெட் சரிதானா?

பலர் இந்தக் கையைப் பார்த்ததும் "9 வந்த பிறகு ஏன் பெட்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அந்த ஒரு சீட்டு பட்டனின் கைக்கு ஒன்றும் தரவில்லை, லிம்ப் செய்து கால் செய்தவரின் கைகளில் பலவற்றை முடித்து வைத்துவிட்டது.

ஆனால் 110 டாலருக்கு கால் மட்டும் செய்யக்கூடிய கைகளை எண்ணுங்கள். போர்டில் ஒரு ஜாக் போக மீதி மூன்று. ஏஸ்-ஜாக் 12 காம்போ (அந்த இரு சீட்டும் அமையக்கூடிய வழிகள்), குயின்-ஜாக் 12, ஜாக்-10 12. கிங்-ஜாக் 6 மட்டும், ஏனென்றால் இரண்டு கிங் நம் கையில். மொத்தம் 42. இவற்றோடு, ரெய்ஸ் செய்யாமல் கால் செய்யும் ஸ்பேட் டிரா ஒரு 11. இந்த 53 காம்போவுக்கு எதிராக கிங் ஜோடியின் ஈக்விட்டி (வெல்லும் வாய்ப்பு) 79 சதவீதம். இங்கிருந்துதான் காசு வருகிறது.

ரெய்ஸ் வந்தால் ஃபோல்டு என்று வைத்துக்கொண்டு, ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) நடக்கப்போகும் பெட்டைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், இந்த 53 காம்போவும் கீழே எண்ணப்போகும் 25 ரெய்ஸ் காம்போவும் சேர்ந்த கூட்டத்துக்கு எதிராக 110 டாலர் பெட்டின் மதிப்பு சராசரியாக 92 டாலர். செக் செய்து ரிவரைப் பார்ப்பதன் மதிப்பும் ஏறக்குறைய அதே 92. அதனால் இங்கே செக் செய்பவரைப் பயந்தவர் என்று சொல்ல முடியாது. பெட்டை மேலே தூக்குவது ரிவர்தான். டர்னில் கால் செய்த ஜாக் ஜோடி, ரிவரில் சாதாரண சீட்டு வந்தால் பெரிய பாட்டில் இன்னொரு கால் தரும். சிறிய ஜோடி, 8 ஜோடி போன்றவற்றை இப்போதே வெளியே தள்ளுவதும் ஒரு லாபம். ஆகவே பெட்டில் குறை இல்லை. அதற்குப் பின் நடந்ததில்தான் குறை.

ரெய்ஸ் செய்யும் கைகள்

பெட் போட்டது அந்த 53 காம்போவை நினைத்து. ரெய்ஸ் செய்பவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஜாக் ஜோடி வைத்திருக்கும் லிம்ப் ஆட்டக்காரர் 160 பிளைண்ட் ஆழத்தில் டர்னில் செக்-ரெய்ஸ் செய்வதில்லை. ரெய்ஸ் வந்த நொடியில் அந்த 79 சதவீதம் செல்லாக்காசு. புதிதாக எண்ண வேண்டும்.

செட்: 88, 44, 99. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு போர்டில் இருப்பதால் மீதி மூன்றிலிருந்து 3 காம்போ வீதம் 9. ஜாக் ஜோடியைச் சேர்க்கவில்லை, பெரும்பாலோர் அதை ப்ரீஃபிளாப்பில் ரெய்ஸ் செய்துவிடுவார்கள்.

டூ பேர் (இரண்டு ஜோடி), சூட்டட் (இரு சீட்டும் ஒரே சின்னம்) மட்டும்: ஜாக்-9 இரண்டு, ஜாக்-8 மூன்று, 9-8 இரண்டு. மொத்தம் 7.

ஸ்ட்ரெயிட்: சூட்டட் குயின்-10 நான்கு, ஸ்பேடில் 10-7 ஒன்று. மற்ற 10-7 எல்லாம் ஃபிளாப்பில் வெறும் கட்ஷாட்டுக்கு (நடுவில் ஓர் எண் மட்டும் குறையும் ஸ்ட்ரெயிட் டிராவுக்கு) 45 டாலர் கொடுத்திருக்காது என்று விட்டுவிடுகிறோம். மொத்தம் 5.

ஆக, நம்மை வென்றிருக்கும் கைகள் 21. இதில் 12 காம்போ அந்த ஆட்டின் 9 வந்த பிறகுதான் பிறந்தது: 99 செட் மூன்று, 9 சேர்ந்த டூ பேர் நான்கு, ஸ்ட்ரெயிட் ஐந்து. போர்டில் வேறேதோ உதிரிச் சீட்டு விழுந்திருந்தால் நம்மை வென்ற கைகள் வெறும் 9.

டிரா வைத்து ரெய்ஸ் செய்யும் கைகளை இந்த எதிராளிக்குத் தாராளமாகவே கொடுப்போம். ஸ்பேடில் ஏஸ்-10, ஏஸ்-9, 10-9, 9-7. நான்கும் ஃபிளஷ் டிராவோடு ஒரு ஜோடியோ ஸ்ட்ரெயிட் டிராவோ சேர்ந்தவை. பெரும்பாலான லிம்ப் ஆட்டக்காரர்கள் இவற்றையும் கால்தான் செய்வார்கள்.

ரிவருக்கு மீதமிருக்கும் தெரியாத சீட்டு 44. செட்டுக்கு எதிராக நமக்கு இரண்டு கிங் மட்டும் அவுட் (வந்தால் வெல்லவைக்கும் சீட்டு): 4.5 சதவீதம். டூ பேருக்கு எதிராக எட்டு அவுட். உதாரணமாக எதிராளியிடம் 9-8 என்றால், கிங் இரண்டு, ஜாக் மூன்று, 4 மூன்று. ஜாக்கோ 4-ஓ விழுந்தால் கிங்கும் அந்தச் சீட்டுமாக நமக்குப் பெரிய டூ பேர் ஆகிவிடும்: 18.2 சதவீதம். ஸ்ட்ரெயிட்டுக்கு எதிராக பூஜ்யம். ஒரே சீட்டில் கிங் ஜோடி, ஸ்ட்ரெயிட்டை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஓர் எண்ணில் மூன்று, இன்னோர் எண்ணில் இரண்டு) ஆகாது. நான்கு டிராவுக்கு எதிராகச் சராசரி 61 சதவீதம். ஸ்பேட் 10-9-க்கு மட்டும் 20 அவுட் இருப்பதால், அதற்கு எதிராக நாம் முன்னால் இருந்தும் 54.5 சதவீதம்தான்.

எல்லாவற்றையும் கூட்டி 25-ஆல் வகுத்தால் 16.5 சதவீதம்.

விலை

220 டாலர் கால் செய்தால் பாட் 815. 220-ஐ 815-ஆல் வகுத்தால் 27 சதவீதம். கையில் 16.5 இருக்கிறது, தேவை 27. இதுவே போதும்.

ஆனாலும் மேசையில் கால் விழுகிறது. ஏன் என்று பார்க்க வேண்டும். கால் செய்பவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் இது: "இன்னும் 220 தானே, ரிவரைப் பார்ப்போம்." அந்த 220-க்குப் பின்னால் நிற்கும் 395-ஐ அவர் எண்ணவில்லை. டர்னில் கால் செய்தால் 815 டாலர் பாட்டுக்குப் பின்னால் பாதிக்கும் குறைவான காசுதான் மிச்சம். ரிவரில் எதிராளி ஆல்-இன் போகும்போது (மிச்சம் முழுவதையும் வைக்கும்போது) அந்த விலை கவர்ச்சியாகத் தெரியும், கால் செய்துவிடுவார். ஆகவே உண்மையில் வைப்பது 615 டாலர், முடியும் பாட் 1,605, தேவையான ஈக்விட்டி 38.3 சதவீதம்.

மூன்று வழிகளையும் டாலரில் வைத்துப் பார்க்கலாம். இந்த இடத்திலிருந்து ஃபோல்டு செய்தால் 0. கால் செய்து, ரிவரில் இருவரும் செக் செய்வதாக வைத்துக்கொண்டாலும் சராசரி நஷ்டம் 86 டாலர். கால் செய்து, ரிவரில் எது வந்தாலும் ஆல்-இன்னையும் கால் செய்தால் சராசரி நஷ்டம் 351 டாலர். 2/5 மேசையில் திறமையான ஆட்டக்காரருக்கே அவ்வளவு சம்பாதிக்கப் பல மணி நேரம் ஆகும். ஒரே பழக்கத்தில் அது போய்விடுகிறது.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போடலாம், மேசையில் உட்கார்ந்திருக்கும்போது இதுதான் எளிது. நம்மை வென்ற 21 காம்போவுக்கு எதிரே எத்தனை டிரா காம்போ இருந்தால் கால் சமன் ஆகும்? 27 சதவீத விலைக்கு ஏறத்தாழ 12. முழு ஸ்டாக் (முன்னால் உள்ள மொத்தச் சிப்) போகும் 38.3-க்கு ஏறத்தாழ 28. இந்த எதிராளியிடம் நியாயமாக இருக்கக்கூடிய ஸ்பேட் டிராக்களை எல்லாம் எழுதிப் பார்த்தால், ஏஸ் சேர்ந்தவை எட்டு, கிங்-10, கிங்-9, குயின்-9, 10-9, 9-7, 7-6, 6-5 என்று மொத்தமே 15. அதில் நான்கைத்தான் ரெய்ஸ் செய்வார் என்று கொடுத்தோம்.

"குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் தற்காக்க வேண்டும்" என்ற சூத்திரத்தைச் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். எதிராளி 265 டாலரை வெல்ல 330 வைக்கிறார். 55.5 சதவீதம் ஃபோல்டு கிடைத்தால் அவருக்கு எந்தச் சீட்டும் லாபம், அதனால் நாம் 44.5 சதவீதமாவது விடாமல் ஆட வேண்டும் என்பது வாதம். எண் சரி, பயன்படுத்திய இடம் தவறு. அந்தச் சூத்திரம் வெறும் சீட்டில் ரெய்ஸ் செய்யத் துணிபவருக்கு எதிரான பூட்டு. இரண்டு மணி நேரத்தில் செட்டையும் ஸ்ட்ரெயிட்டையும் மட்டும் ரெய்ஸ் செய்தவருக்கு அந்தப் பூட்டு தேவையில்லை. சால்வரின் (உகந்த ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளின்) விடைக்கும் இதே நிலைதான். அது இருபக்கமும் சமநிலையாக ஆடும்போது வரும் விடை. எதிராளியின் புளஃப் (வெறும் சீட்டில் மிரட்டும்) பங்கு காணாமல் போனால், அந்த விடையில் கால் செய்யும் கை இங்கே ஃபோல்டு.

ரிவர்

நம் கையில் நடந்தது கால். ரிவர் கிளாவர் 2. எதிராளி 395 டாலர் ஆல்-இன். கால் செய்ய 24.6 சதவீதம் போதும். அந்த 2 யாருக்கும் உதவவில்லை. 21 காம்போ இன்னும் நம்மை வெல்கிறது, நான்கு டிராவும் தவறிப்போனது. நான்கையும் அவர் புளஃப் செய்வார் என்று வைத்தாலும் 25-க்கு 4, அதாவது 16 சதவீதம். கால் சமன் ஆக ஏழு புளஃப் வேண்டும். இந்த எதிராளி தவறிய டிராவை ரிவரில் செக் செய்துவிட்டு மடிப்பவர் என்றால் 16 கூட இல்லை.

பட்டன் கால் செய்கிறார். எதிராளி டைமண்ட் 9-8 காட்டுகிறார். 800 டாலரும் போனது.

அவர் ஸ்பேட் ஏஸ்-10 காட்டியிருந்தாலும் மேலே உள்ள கணக்கில் ஒரு எண்கூட மாறாது. முடிவைத் தீர்ப்பது திறந்து காட்டிய கை அல்ல, காட்டியிருக்கக்கூடிய 25 கைகள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே கால் ஒரு முறை ஜெயித்துவிட்டால், அடுத்த பத்து முறை அதே இடத்தில் கை தானாக நீளும்.

ஆழம் மாறினால்

இதே சீட்டு, இதே போர்டு, இதே பெட்கள். ஆனால் இருவரிடமும் 800-க்குப் பதில் 300 டாலர். ஃபிளாப்பில் பாட் 65, பின்னால் 270. ஸ்டாக் பாட்டைவிட நான்கு மடங்குதான். 800 டாலர் ஆட்டத்தில் அது கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்காக இருந்தது. டர்னில் 110 போட்டதும் நம் கையில் மிச்சம் 115. எதிராளி 225-க்கு ஆல்-இன் போனால் 115 கொடுத்து 605 டாலர் பாட்டுக்கு ஆடுகிறோம்: 19 சதவீதம்.

விலை மட்டும் அல்ல, ரேஞ்சும் (அவரிடம் இருக்கக்கூடிய கைகளின் கூட்டம்) மாறுகிறது. 300 டாலர் ஆழத்தில் ஜாக் ஜோடியை வைத்துக்கொண்டு "போனால் போகட்டும்" என்று தள்ளுவார்கள். சூட்டட் குயின்-ஜாக் மூன்றும் ஜாக்-10 மூன்றும் மட்டும் அந்த 25-ல் சேர்ந்தாலே நம் ஈக்விட்டி 27.8 சதவீதத்துக்கு ஏறிவிடும். கால் செய்தால் சராசரி லாபம் 53 டாலர். 300 டாலரோடு உட்கார்ந்து பழகியவர் 800 டாலரோடு உட்காரும்போது இந்த இடத்தில்தான் அடி வாங்குகிறார். ஓவர்பேரை (போர்டின் எல்லாச் சீட்டையும்விட உயர்ந்த ஜோடியை) விடாமல் பிடிப்பது அங்கே சரியாக இருந்த பழக்கம்.

அதனால் டர்னில் 110-ஐத் தள்ளும் முன்பே, எதிராளி முன்னால் இருக்கும் சிப்பை எண்ணிவிட வேண்டும். கருப்புச் சிப் பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்தால் டீலரிடம் கேட்கலாம், பெரிய மதிப்புச் சிப் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது போக்கர் அறைகளில் பொதுவான விதி. எண்ணியதும் ரெய்ஸுக்கான பதிலையும் அப்போதே முடிவு செய்துவிடலாம். ரெய்ஸ் வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால், பாட்டில் கிடக்கும் தன்னுடைய 110 கண்ணை உறுத்தும்.

எதிராளி மாறினால்

அதே 800 டாலர் ஆழம், ஆனால் ரெய்ஸ் செய்தவர் ஆக்ரோஷமாக ஆடும் ரெகுலர் (வழக்கமாக வந்து ஆடுபவர்) என்று வைப்போம். 15 ஸ்பேட் டிராவையும் ரெய்ஸ் செய்கிறார். அந்த 15-க்கு எதிராக நம் சராசரி 67.3 சதவீதம், ஏனென்றால் ஏஸ்-2, ஏஸ்-3 போன்றவற்றுக்கு 12 அவுட்தான். 21-ஐயும் 15-ஐயும் சேர்த்தால் ஈக்விட்டி 32.7 சதவீதம். டர்ன் விலையான 27-ஐத் தாண்டிவிட்டோம், முழு ஸ்டாக்கின் 38.3-ஐ இன்னும் எட்டவில்லை.

இப்படிப்பட்டவர் இரண்டு ஸ்பேட் கிடக்கும் ஃபிளாப்பில் செட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். 88, 44 இரண்டையும் ஃபிளாப்பிலேயே ரெய்ஸ் செய்திருப்பார். ஆறு காம்போ கழிகிறது. ஈக்விட்டி சரியாக 38.3-க்கு வருகிறது. ஜாக்-8 மூன்றும் ஃபிளாப்பில் ரெய்ஸ் ஆகியிருக்கும் என்று கழித்தால் 27 காம்போவுக்கு எதிராக 40.6. ரிவர் வரை எல்லாவற்றையும் வைத்தாலும் சராசரி லாபம் 36 டாலர். லிம்ப் ஆட்டக்காரருக்கு எதிராக 351 டாலர் நஷ்டம் தந்த அதே கால்.

கடைசியாக ஒரு நுணுக்கம். நம்மிடம் இருந்தது கிளாவர் கிங்கும் டைமண்ட் கிங்கும், ஸ்பேட் இல்லை. இந்த ரெகுலருக்கு எதிராக அது நல்லது. நம் கையில் ஒன்று ஸ்பேட் கிங்காக இருந்தால் அவரிடம் ஸ்பேட் கிங்-10-உம் கிங்-9-உம் இருக்க முடியாது. நாம் பிடிக்க நினைக்கும் டிரா 15-லிருந்து 13-ஆகக் குறைகிறது. மீதி டிராக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அவுட் குறைவது நமக்குச் சாதகம்தான், ஆனால் அது முழுதாக ஈடுகட்டாது. கணக்கு 39.4 சதவீதத்தில் நிற்கிறது, 36 டாலர் லாபம் 17-ஆகிறது.